பெரியப்பாவும் பெரியம்மாவும் வரைந்த வீடு: அருங்காட்சியகம் ஆக்குவதற்கு முன்

கேள்வி இது: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகும் வழியில், பழைய ஓட்டு வீடு ஒன்று. அதில் வாழ்ந்த பெரியப்பா, பெரியம்மா இருவருமே சென்னை அரசுக் கலைத்தொழிற் பள்ளியில் பயின்ற ஓவியர்கள். பிள்ளைகள் இல்லை, இருவரும் காலமாகிவிட்டார்கள். பெரியப்பாவின் எண்ணெய் ஓவியங்கள் ஏராளமாகவும், பெரியம்மாவின் நீர்வண்ண ஓவியங்களும், மெழுகிட்டுச் சாயம் தோய்த்த பத்திக் துணிகளும் குறைவாகவும் உள்ளன. வீட்டை இடித்துக் கான்கிரீட் கூடம் எழுப்பி ஓவியங்களை மாட்டலாம் என்று உறவினர் ஒருவரும், வீட்டுக்கு ஏசி போட்டால் போதும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, பெரியம்மாவுக்குத் தனி அறை ஒதுக்க வேண்டுமா?

வீட்டை இடிக்க வேண்டாம். இன்னும் சில மாதங்களுக்கு அதற்குள் எதையும் இடம் மாற்றவும் வேண்டாம். எண்ணெய் ஓவியங்களைப் பாலக்காட்டிலோ கோவையிலோ எந்தக் கூடத்திலும் மாட்டிவிடலாம். இருவர் ஒரே கூரையின் கீழ் வெளிச்சத்தையும் சுவரையும் நேரத்தையும் எப்படிப் பங்கிட்டுக்கொண்டு வேலை செய்தார்கள் என்பதை அந்த வீட்டைத் தவிர வேறு எங்கும் காட்ட முடியாது. ஓவியத் தம்பதியரின் வீடுகள் உலகில் பல அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. அவற்றுள் பார்வையாளர் மனத்தில் நிற்பவை, இந்தப் பங்கீட்டை அழித்துவிடாமல் வைத்திருப்பவைதான்.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. ஓவியத் தம்பதியான ஜாக்சன் போலக்கும் லீ கிராஸ்னரும் 1945இல் அங்கே ஒரு சாதாரண வீட்டுக்குக் குடிபோனார்கள். பின்னால் இருந்த கொட்டகை போலக்கின் பணியிடமாயிற்று. கித்தானைத் தரையில் விரித்து வண்ணத்தைச் சொட்டவிட்டு அவர் வரைந்த ஓவியங்கள் உருவானது அங்கேதான். 1953இல் கொட்டகையைச் சீர்செய்தபோது தரைமீது அழுத்தப் பலகைகளைப் பதித்து மூடிவிட்டார்கள். 1956இல் கார் விபத்தில் போலக் இறந்தார். அதன் பிறகு கொட்டகையைத் தன் பணியிடமாக்கிக்கொண்ட கிராஸ்னர், 1984இல் மறையும்வரை அதைப் பயன்படுத்தினார். அவர் கித்தானைச் சுவரில் அடித்து வரைபவர். ஆகவே வண்ணம் கித்தானின் ஓரத்தைத் தாண்டிச் சுவரில் தெறித்தது. வீடு அருங்காட்சியகமாக மாறிய நாட்களில் அந்தப் பலகைகளைப் பெயர்த்தபோது, போலக்கின் வண்ணச் சொட்டுகள் அடியில் அப்படியே இருந்தன. 1988இல் திறக்கப்பட்ட அந்த வீட்டில் இன்று பார்வையாளர்கள் மெத்தென்ற காலணி அணிந்து அந்தத் தரைமேல் நடக்கிறார்கள். தரை கணவருடையது, சுவர் மனைவியுடையது. விளக்கப் பலகை எதுவும் இல்லாமலே இருவரும் அங்கே தெரிகிறார்கள். யாராவது ஒரு பொறுப்பான மனிதர் 'சுவர் அழுக்காக இருக்கிறது' என்று வெள்ளையடித்திருந்தால் பாதி அருங்காட்சியகம் அன்றே போயிருக்கும்.

நம் ஊரில் அந்தப் பொறுப்பான மனிதர் நிச்சயம் வருவார். ஆகையால் பெரியம்மாவைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கணவரும் மனைவியும் ஓவியர்களாக இருந்த வீடுகளில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் மனைவியின் பொருள்களே. எண்ணெய் ஓவியத்தைச் சட்டமிட்டு மாட்டியிருப்பதால் அது கலை என்று வீட்டாருக்குத் தெரிகிறது. பத்திக் துணியோ படுக்கை விரிப்பாகவும் திரைச்சீலையாகவும் யாருடைய பீரோவிலோ கிடக்கும். மெழுகு உருக்கிய வாணலியும் சாயம் முக்கிய அண்டாவும் சமையலறைப் பாத்திரங்களோடு சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். தங்கள் பெரியம்மாவின் படைப்புகள் 'குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். தேடும் முன் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உறவினர் வீடுகளில் கல்யாணப் பரிசாகப் போன துணிகளையும், கையொப்பமில்லாத நீர்வண்ணத் தாள்களையும், பெரியப்பா ஓவியங்களின் பின்புறத்தில் வேறு கையெழுத்தில் உள்ள குறிப்புகளையும் தேடிப் பாருங்கள்.

பத்திக்கைச் சில்லறை வேலையாக நினைப்பவர்களுக்குச் சொல்லவும் ஒரு செய்தி உண்டு. கோவையில் 1911இல் பிறந்து, சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தம் மாணவர்களோடு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, நிலம் வாங்க உதவியது பத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்ற பணம்தான். தென்னிந்திய நவீன ஓவியத்தின் அடித்தளத்தில் அந்த மெழுகும் சாயமும் இருக்கின்றன. பெரியம்மா அந்தப் பள்ளியில் எந்த ஆண்டுகளில் படித்தார் என்று, இப்போது கல்லூரியாக இருக்கும் அந்த இடத்தில் விசாரித்து அறிந்தால், அவருடைய துணிகளை எந்த வரலாற்றோடு சேர்த்து வைப்பது என்பது தெளிவாகும்.

தனி அறை வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. 'இது பெரியம்மாவின் அறை' என்று ஒரு மூலையை ஒதுக்கினால், மீதி வீடு முழுவதும் அவருடையதில்லை என்று நாமே எழுதிக்கொடுத்தது போலாகும். ஸ்வீடனில் சுந்த்போர்ன் என்ற கிராமத்தில் கார்ல் லார்சன், கரின் லார்சன் வாழ்ந்த வீட்டில் கணவரின் ஓவியம் சுவரிலும் கதவிலும் இருக்கிறது. மனைவி நெய்த துணிகளும் அவர் திட்டமிட்டுச் செய்வித்த மேசை நாற்காலிகளும் அதே அறைகளில், புழங்கிய இடத்திலேயே இருக்கின்றன. கணவரின் நீர்வண்ண ஓவியங்களில் பார்க்கும் அந்த அழகான வீடு பெருமளவுக்கு மனைவி படைத்தது என்பது அங்கே போகிறவருக்குத் தானே புரிந்துவிடும். நமக்குப் பக்கத்தில், ராஜமுந்திரியில் ஓவியர் தாமெர்ல ராமாராவ் பெயரில் உள்ள ஓவியக் கூடத்திலும் அவருடைய மனைவி சத்தியவாணியின் ஓவியங்கள் இடம்பெற்றிருக்கின்றன. 1925இல், முப்பது வயதுகூட நிரம்பாமல், பெரியம்மை நோயில் இறந்தவர் ராமாராவ். ஆந்திரப் பக்கம் போகும்போது கட்டாயம் பார்த்துவர வேண்டிய இடம் அது. ஆகவே தங்கள் பெரியம்மா பின்கட்டில் சாயம் போட்டிருந்தால் பின்கட்டையே காட்டுங்கள். சமையலறையில் மெழுகு உருக்கியிருந்தால் அந்த அடுப்பும் அந்தக் கரியும் அங்கேயே இருக்கட்டும்.

இனி முதல் வேலை. பெருக்குவதற்கும் முன்பாக ஒவ்வோர் அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும் படமெடுங்கள். பிறகு ஒவ்வொரு சுவர், ஒவ்வோர் அலமாரித் தட்டு, ஒவ்வோர் இழுப்பறை. கைப்பேசியே போதும், ஆனால் அறையின் பெயரும் தேதியும் எழுதிய ஒரு துண்டுத்தாள் ஒவ்வொரு படத்திலும் தெரிய வேண்டும். அடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். ஓவியத்தின் முன்புறத்திலோ கித்தானின் பின்புறத்திலோ எதையும் எழுதக் கூடாது. கித்தானை இழுத்துக் கட்டிய உட்சட்டத்தின் மரத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். தாள் ஓவியமானால் பின்புறம் கீழ்மூலையில் அழுத்தாமல் எழுதலாம். துணிக்கு வெள்ளைப் பருத்தி நாடாவில் எண்ணை எழுதி, ஓரத்தில் இரண்டு தளர்ந்த தையல் போட்டால் போதும். பதிவேட்டில் எண், பொருள், அளவு, இருந்த இடம், நிலைமை, யார் சொன்ன தகவல் என்ற ஆறு பத்திகள் இருக்கட்டும். கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சட்டம் செய்துகொடுத்த ஆசாரி, மாதிரியாக உட்கார்ந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், வீட்டு வேலைக்கு வந்த அம்மாள் ஆகியோர் இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் ஒருவர் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

மூடிக் கிடப்பதைத் திறக்கும் அவசரமும் வேண்டாம். மெக்சிகோவில் ஓவியர் ஃப்ரீடா காலோ 1954இல் மறைந்த 'நீல வீடு' 1958இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே ஒரு குளியலறையைத் தம் மறைவுக்குப் பின் 15 ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று அவருடைய கணவர் தியேகோ ரிவேரா சொல்லியிருந்தார். பொறுப்பேற்றிருந்த தொலோரஸ் ஓல்மெடோ தம் வாழ்நாள் முடியும்வரை அதைத் திறக்கவே இல்லை. 2004இல் திறந்தபோது ஏறத்தாழ 300 உடைகளும் பல ஆயிரம் புகைப்படங்களும் ஆவணங்களும் உள்ளே இருந்தன. அவற்றைப் பட்டியலிட்டு, பழுது நீக்கி, உடைகளை மக்களுக்குக் காட்ட 2012 வரை ஆயிற்று. ஆளும் பணமும் உள்ள நிறுவனத்துக்கே அவ்வளவு காலம். ஒரு குடும்பம் ஓணம் விடுமுறைக்குள் முடிக்க நினைத்தால், அவசரத்தில் தூக்கியெறிவதே நடக்கும்.

வீட்டை எந்தக் காலத்து நிலையில் காட்டுவது என்பதும் முடிவு செய்ய வேண்டிய ஒன்று. ஜெர்மனியின் முர்னாவ் நகரில் ஓவியர் கப்ரியேலே மூன்டரின் வீடு, அவரும் ஓவியர் கண்டின்ஸ்கியும் சேர்ந்து வாழ்ந்த 1909 முதல் 1914 வரையிலான தோற்றத்துக்கு மீட்கப்பட்டிருக்கிறது. மாடிப்படியில் கண்டின்ஸ்கி தீட்டிய குதிரை வீரர்களையும் பூக்களையும் இன்றும் காணலாம். அதற்கு விலையும் உண்டு: மூன்டர் 1962 வரை அந்த வீட்டில் வாழ்ந்தவர். நாஜி ஆட்சியில் சோதனைகளுக்குத் தப்பக் கண்டின்ஸ்கியின் ஓவியங்களை நிலவறையில் மறைத்துக் காப்பாற்றியவரும் அவரே. அந்தப் பிற்கால வாழ்க்கை அறைகளில் பின்னுக்குப் போய்விடுகிறது. தங்கள் வீட்டுக்கு, கடைசியாக அவர்கள் விட்டுச்சென்ற நிலையையே வைத்துக்கொள்வது நல்லது. முந்தைய நிலைக்குப் போகப் புகைப்படச் சான்று இல்லாவிட்டால் அது வெறும் ஊகமாகிவிடும்.

காலநிலையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் ஏசி யோசனையில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கும் மேலான அகலத்தில் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய், ஜூன் முதல் மேற்கிலிருந்து ஈரக்காற்றையும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்றையும் உங்கள் வீட்டுக்குள் அனுப்புகிறது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழைமறைவுப் பிரதேசம் என்பதால் மேற்கே உள்ள ஊர்களைவிட மழை குறைவு. ஆனால் வறட்சிக்கும் ஈரத்துக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் அதிகம். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் உட்சட்டத்து மரமும் கித்தானும் மாறி மாறி விரிந்து சுருங்குகின்றன, எண்ணெய் வண்ணம் வெடிக்கிறது. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும். பார்வையாளர் வரும் பகலில் ஏசியை ஓடவிட்டு மாலையில் நிறுத்தினால், ஒரு வருடத்து ஏற்ற இறக்கத்தை ஒரே நாளுக்குள் அந்த ஓவியத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். இரவு பகலாக ஓட்டப் பணமும் ஜெனரேட்டரும் இல்லாத இடத்தில் ஏசி போடாமல் இருப்பதே மேல். ஓட்டுக் கூரையும், மச்சும், தடித்த சுவரும், முற்றமும் ஏற்கெனவே அந்த வேலையைப் பாதி செய்துகொண்டிருக்கின்றன. கான்கிரீட் கூடம் அதைச் செய்யாது. ஒவ்வோர் அறையிலும் ஒரு சிறிய ஈரப்பதமானியை வைத்து, காலையும் பிற்பகலும் இரவும் ஒரு முழு ஆண்டு குறித்துவாருங்கள். எந்த அறையில் எதை வைப்பது என்பதை அந்த நோட்டுப் புத்தகமே சொல்லிவிடும்.

ஓவியங்களை மழைச்சாரல் அடிக்கும் மேற்குச் சுவரில் மாட்ட வேண்டாம். எந்தச் சுவரானாலும் சட்டத்தின் பின்னே தக்கைத் துண்டுகளை ஒட்டி, இரண்டு விரற்கடை இடைவெளியில் காற்று போகவிடுங்கள். கறையான் மண்கோடு ஏறினாலும் அப்போது கண்ணில் படும். ஓடு விலகியிருக்கிறதா, கூரை நீர் வடியும் பாத்தியில் சருகு அடைத்திருக்கிறதா என்று இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்பும் துலா மழைக்கு (வடகிழக்குப் பருவமழை) முன்பும் ஆள் ஏற்றிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு செலவைத் தள்ளிப்போட்டால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

பெரியப்பா வரையும் அறைக் கூரையின் வடசரிவில் கண்ணாடி ஓடு பதித்திருப்பார் என்று ஊகிக்கிறேன். அக்காலத்தில் பயின்றவர்கள் வடக்கு வெளிச்சத்தை விரும்புவார்கள். ஆனால் வடக்கு வெளிச்சத்தில் நேர்வெயில் வராது என்பது ஐரோப்பாவில் பொருந்தும் பேச்சு. நம் ஊர் 11 பாகைக்கும் சற்றுக் குறைந்த வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதிவரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்தே நிற்கும். கண்ணாடி ஓட்டின் வழியே வெயில் நேராக உள்ளே இறங்கும். ஓட்டை எடுத்துவிடாதீர்கள், அது அவருடைய கருவிகளில் ஒன்று. கீழே ஒரு வெள்ளைத் துணி விதானம் கட்டி, விளக்கும்போது மட்டும் விலக்கிக் காட்டுங்கள். எண்ணெய் ஓவியங்கள் 200 லக்ஸ் அளவு ஒளியைத் தாங்கும். நீர்வண்ணத்துக்கும் பத்திக்குக்கும் 50 லக்ஸுக்கு மேல் கூடாது, அதிலும் ஆண்டில் சில மாதங்கள்தான்; வெளுத்த சாயம் திரும்பி வருவதில்லை. பத்திக் துணியை மடித்து வைத்தால் மடிப்பில் இற்றுப்போகும், இஸ்திரி போட்டால் எஞ்சிய மெழுகு பரவும். கஞ்சி போகக் கொதிக்கவைத்து உலர்த்திய கோராத் துணியைச் சுற்றிய குழாயில் சுருட்டி வையுங்கள். செலோடேப், லேமினேஷன், ஈரத்துணியால் துடைப்பது, வெங்காயமோ உருளைக்கிழங்கோ தேய்ப்பது எல்லாம் கேடு. உரிந்துவரும் வண்ணத்தைத் தாங்களே ஒட்ட முயல வேண்டாம். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இயங்குகிறது, அத்தகைய இடத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைச் செய்யாமல் பெயர்ப்பலகை மாட்டக் கூடாது. பெங்களூருக்கு வெளியே கனகபுரா சாலையில் ஸ்வெத்தோஸ்லாவ் ரோரிக் என்ற ஓவியரும் நடிகை தேவிகா ராணியும் வாழ்ந்த தாதகுனி எஸ்டேட், 450 ஏக்கருக்கும் மேற்பட்டது. ரோரிக் 1993இலும் தேவிகா ராணி 1994இலும் காலமானார்கள். வாரிசாகப் பிள்ளைகள் இல்லை. சொத்து யாருக்கு என்ற வழக்குகள் எழுந்தன. 1996இல் கர்நாடக அரசு தனிச் சட்டம் இயற்றிக் கையகப்படுத்தியது. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2011இல். இடைப்பட்ட ஆண்டுகளெல்லாம் வழக்கிலேயே போயின. இதற்கு நேரெதிர், டென்மார்க்கின் ஸ்காகன் நகரில் உள்ள ஆங்கர் வீடு: ஓவியத் தம்பதியான மிக்கேல், அன்னா ஆங்கரின் மகள் ஹெல்கா எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்து 1964இல் மறைந்தார்; 1967இல் வீடு திறக்கப்பட்டது.

தங்கள் பெரியவர்கள் உயில் எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பத்தில், யார் முதலில் இறந்தார் என்பதும், வீட்டு நிலம் பெரியம்மாவின் பிறந்தகத்திலிருந்து வந்ததா என்பதும் முக்கியமாகும். பிள்ளையில்லாத பெண் தாய் தந்தையரிடமிருந்து வாரிசுரிமையாகப் பெற்ற சொத்து அவருடைய தந்தையின் வாரிசுகளுக்குப் போகும். மற்றவை கணவரின் வாரிசுகளுக்கு. ஆகவே பெரியம்மாவின் பிறந்தகத்தாரை இப்போதே அழைத்துப் பேசுங்கள், பீரோத் துணிகளும் அவர்கள் வீட்டில்தான் இருக்கும். பழைய ஆதாரத்தையும் (சொத்துப் பத்திரம்) கரம் (நிலவரி) கட்டிய ரசீதுகளையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, எல்லா வாரிசுகளும் சேர்ந்து ஓர் அறக்கட்டளைக்குப் பதிவுசெய்து கொடுக்கலாம். சங்கமாகப் பதிவதானால் ஒரு நுணுக்கம் உண்டு: பாலக்காடு மலபாரைச் சேர்ந்ததாக இருந்தாலும், சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தின் பகுதி. ஆகையால் திருவிதாங்கூர்-கொச்சிக்கான 1955ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தைப் பார்க்க வேண்டும், மலபாரில் நடப்பிலுள்ள 1860ஆம் ஆண்டுச் சட்டத்தை அன்று. ஓவியத்தைக் கொடுத்தால் பதிப்புரிமையும் கூடவே போய்விடாது. அது ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை வாரிசுகளிடம் நீடிக்கும் என்பதால், அதையும் எழுத்து மூலம் அறக்கட்டளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓர் அஞ்சலட்டை அச்சிடக்கூட ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி அலைய நேரும்.

செலவுக்காகச் சில ஓவியங்களை விற்கலாமா என்று உறவினர் கேட்பார்கள். பதிவேடு முடியும்வரை ஒன்றுகூட வேண்டாம். முடிந்த பின், ஒரே பொருளில் அமைந்த பல ஓவியங்களுள் சிலவற்றை, அறக்கட்டளையின் தீர்மானத்தோடு, முழு விவரமும் படமும் பதிவுசெய்துகொண்டு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பணம் கூரைக்கும் காவலுக்கும் மட்டுமே போக வேண்டும். பெரியம்மாவின் படைப்புகளை விற்பனைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

திறப்பதைச் சிறிதாகத் தொடங்கலாம். குடியிருப்பு வீட்டைப் பொதுமக்கள் கூடும் இடமாக மாற்றுவதற்குப் பஞ்சாயத்தில் அனுமதி பெற வேண்டும். தீயணைப்புக் கருவியும், புதுப்பித்த மின்கம்பிகளும், வெளியேற இரண்டாவது வழியும் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், முன்கூட்டியே சொல்லி வருவோர், ஒரு தடவைக்கு எட்டுப் பத்துப் பேர், கூடவே நடந்து சொல்ல வீட்டை அறிந்த ஒருவர் என்ற அளவு போதும். சுந்த்போர்ன் வீட்டையும் வழிகாட்டியோடு சிறு குழுவாகத்தான் பார்க்க முடியும், அது இன்றும் சந்ததியாரின் சங்கத்திடமே இருக்கிறது. பெயர்ப்பலகையில் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில், தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். முதல் மழைக்காலம் முழுவதும் வீட்டை மூடியே வைத்து, எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவர் நனைகிறது என்று பார்த்த பிறகு திறப்பு நாளைக் குறியுங்கள்.